அளக்காத இருபத்தொரு எண்கள்

"பதினொண்டு புள்ளி நாலு" என்று சத்தமாகச் சொல்கிறார் அன்னமலர். கோணமானியை எடுக்கிறார், அதன் அடியைத் துணியால் துடைக்கிறார், மறுபடி அதே இடத்தில் வைக்கிறார். "பதினொண்டு புள்ளி நாலு." மூன்றாவது முறை வைக்கும்போது உதடு மட்டும் அசைகிறது. அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொடுகிறார். பக்கத்து மேசையில் இருக்கும் சீன மாணவி தலையை நிமிர்த்துவதே இல்லை. ஆய்வுகூடத்துக்கு வந்த புதிதில் அவள் இதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தாளாம்.

அன்னமலருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்தடி உயரம்கூட இல்லை. இரும்பு முனை வைத்த பாதுகாப்புச் சப்பாத்தில் ஆகச் சிறிய அளவு வாங்கியும் உள்ளே இரண்டு சோடி காலுறை போட்டால்தான் கழலாமல் நடக்க முடிகிறது. மத்தியானம் புட்டும் மீன் குழம்பும் கொண்டுவருவார். அதைச் சூடாக்கமாட்டார். வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்து ஆறியதையே சாப்பிடுவார். "உள்ளுக்குச் சூடாக்கினால் மணம் போகாது. டொக்டருக்குப் பிடிக்குதோ என்னவோ." டொக்டர் என்பது ஆய்வுக்குழுவின் தலைவி ஹெலன். மாணவர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர் வரை எல்லாரும் அவரை ஹெலன் என்றே கூப்பிடுகிறார்கள். ஏழு வருடமாகியும் அன்னமலருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

அவர் அளப்பது அலுமினிய நுரையை. உருகிய அலுமினியத்தைக் குமிழி குமிழியாகப் பொங்கவைத்து, அப்படியே இறுகவிட்டால் கிடைக்கும் பொருள். வெட்டிய பாண் ரொட்டித் துண்டைப் போல உள்ளே முழுக்கக் கண்ணறைகள். தண்ணீரில் மிதக்கும். நான் போயிருந்தபோது விரல் நீளத்தில் ஒரு துண்டைக் கையில் தந்து, "வளைச்சுப் பாருங்கோ அண்ணை" என்றார். வளைத்தேன். பிஸ்கட் மாதிரி முறிந்தது. "வாற ஆக்கள் எல்லாரையும் ஒருக்கா முறிக்க விடுறனான். அப்பதான் நாங்கள் என்ன செய்யிறம் எண்டு விளங்கும்."

கையாலோ அச்சாலோ வளைத்தால் கண்ணறைகள் நொறுங்கிவிடும். ஆகவே தொடாமல் வளைக்கிறார்கள். கறுத்த கண்ணாடிச் சன்னல் வைத்த இரும்புப் பெட்டிக்குள், துண்டின் ஒரு முனையை மட்டும் இறுக்கிவிட்டு, அதன் குறுக்கே ஒரே கோட்டில் லேசர் கதிரை ஓடவிடுகிறார்கள். மேற்பக்கம் சூடேறுகிறது. ஆறும்போது சுருங்கி, மற்ற முனையை இழுத்துத் தூக்குகிறது. ஒரு தடவை ஓடினால் ஒரு பாகைகூட எழும்பாது. நாற்பது தடவை ஓடினால் மடக்கிய முழங்கைபோல் வந்துவிடும். கதிர் ஓடும் வேகம்தான் முக்கியம். மிக மெதுவாகப் போனால் கண்ணறைச் சுவர்கள் உருகிவிடும். எவ்வளவு வேகம், எத்தனை தடவை, எத்தனை பாகை என்று ஓர் அட்டவணை இருந்தால் பாரமில்லாத வாகனப் பலகைகளை வேண்டிய வடிவத்துக்கு வளைத்தெடுக்கலாம். அந்த அட்டவணையை உண்டாக்குவதுதான் இந்தக் கூடத்தின் வேலை.

அன்னமலர் மன்னாரில் கணக்குப் படித்தவர். தொண்ணூறில் கணவர் வின்சன்டுடன் சிட்னிக்கு வந்தார். வாகனக் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலையொன்றில் பத்து வருடம் தரம் பார்த்தார். அரை மில்லிமீற்றர் கோணலைக் கண்ணாலேயே பிடிப்பார் என்று அங்கே பெயர். தொழிற்சாலையை மூடியபோது அதன் மேலாளர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு இங்கே வந்து சேர்ந்தார். வின்சன்ட் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிச்செல்லும் வேலை பார்க்கிறார். வீடு குவேக்கர்ஸ் ஹில்லில்.

நான் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனது சென்ற வருடம், 2007 மே மாதத்தில். எங்கள் தேவாலயத் தமிழ் இதழுக்காகக் கமராவோடு போனேன். அதற்கு முந்தின ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வின்சன்ட் என் கையில் ஒரு தாளைத் திணித்திருந்தார். வெளிநாட்டு விஞ்ஞான இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் கடைசிப் பக்கம். அதில் ஒரு வரியை மஞ்சள் பேனாவால் அடையாளமிட்டிருந்தார்: மிகக் கவனமான அளவீடுகளுக்காகத் திருமதி அன்னமலருக்கு நன்றி. "எங்கட மனுசி பேர் அண்ணை. உலகம் முழுக்கப் போகுது" என்றார். அவருடைய காரில் இன்னும் பல பிரதிகள் இருந்தன.

அன்னமலர் படமெடுக்க விடவில்லை. குசினிக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த இதழில், அவரைக் கேட்காமலே, 'நம்மவர் பெயர் விஞ்ஞான இதழில்' என்று நாலு வரி போட்டேன். அதைப் படித்து இரண்டு பேர் அவருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார்களாம். இப்போது இதை எழுதுவதற்கு அந்த நாலு வரியும் ஒரு காரணம்.

நடந்தது இதுதான். 2006 ஆகஸ்டில், நரசிம்மன் என்ற திருச்சிப் பையன் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தான். துண்டுகளை ஓடவிட்டு அளக்கும் வேலை அன்னமலருடையது. ஐந்து வேகங்கள். ஒவ்வொரு துண்டையும் நாற்பது தடவை ஓடவிட வேண்டும், ஐந்து தடவைக்கு ஒருமுறை நிறுத்தி அளக்க வேண்டும். ஒரு துண்டுக்கு எட்டு எண்கள். நாலு வேகம் முடிந்துவிட்டது. எல்லாம் ஒழுங்கான கோடாக ஏறியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை, ஆக மெதுவான வேகத்துக்குரிய மூன்று துண்டுகள் மட்டும் மிச்சம். திங்கள் காலை நரசிம்மனுக்கு எண்கள் வேண்டும்.

அன்று ஹோம்புஷில் ஒரு வீட்டில் சேலை விற்பனை. சென்னையிலிருந்து ஒரு பெண் இரண்டு பெட்டி நிறையக் காஞ்சிபுரம் கொண்டுவந்திருந்தார். ஐந்து மணிக்குள் போகாவிட்டால் நல்லது எதுவும் மிஞ்சாது என்று யோகா, அன்னமலரின் சிநேகிதி, இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். முதல் துண்டில் பதினைந்து தடவைதான் முடிந்திருந்தது. மூன்று எண்கள் எழுதியாயிற்று. மூன்றும் மற்ற வேகங்களைப் போலவே ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன.

"எனக்குக் கோடு தெரியும் அண்ணை. மாசக்கணக்கா அந்தக் கோட்டைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அடுத்தது என்ன வரும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். அப்பிடியே இருந்து எழுதினனான். இருபத்தொரு எண். பத்து நிமிசம்கூடப் போகேல்லை."

பாதியில் நின்ற துண்டையும் தொடாத இரண்டு துண்டுகளையும் கழிவு வாளியில் போட்டுவிட்டு, நாலு இருபதுக்கு ரயில் பிடித்தார். அரக்கு நிறத்தில், சின்னக் கரை வைத்த சேலை கிடைத்தது.

இதுவரை சொல்லும்போது அன்னமலர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அடுத்ததைச் சொல்லும்போது பார்க்கவில்லை. "எல்லாம் வடிவா ஏறினால் சந்தேகம் வரும். அதால ஒரு இடத்தில, இருபத்தஞ்சாவது தடவையில, கொஞ்சம் குறைச்சு எழுதினனான். உண்மையா அளந்தது மாதிரி இருக்கட்டும் எண்டு." கையிலிருந்த துணியைச் சின்னதாக மடித்து, இன்னும் சின்னதாக மடித்தார். "மற்றதைப் பஞ்சி, சோம்பல் எண்டு சொல்லலாம், அவசரம் எண்டு சொல்லலாம். இதுக்கு என்ன சொல்லுறது? இது களவு."

கட்டுரை வந்தது. நரசிம்மன் பட்டம் வாங்கினான். அந்த விருந்துக்கு அன்னமலர் அரக்குச் சேலையைத்தான் உடுத்துக்கொண்டு போனார். நரசிம்மன் எல்லார் முன்னாலும் அவரைக் கூப்பிட்டு, "அக்கா இல்லேன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தவர் அதற்குப் பிறகு உடுக்கவில்லை. நரசிம்மன் சிங்கப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

இந்த வருடம் மார்ச்சில் ஹெலனுக்கு ஒரு கடிதம் வந்தது. அட்டவணையைப் பார்த்துப் பலகை வளைத்துப் பார்த்த ஒரு சிறிய பட்டறைக்காரர் எழுதியிருந்தார். நாலு வேகங்களும் சொன்னபடியே வருகின்றன, ஆக மெதுவான வேகத்தில் மட்டும் பலகை பாதியிலேயே நின்றுவிடுகிறது, கோட்டில் ஓட்டை விழுகிறது. என்ன காரணம்?

ஹெலன் கடிதத்தைத் தேநீர் அறையில் வைத்தே வாசித்தார். பிறகு, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், நரசிம்மன் எண்களை அழகுபடுத்தியிருப்பானோ என்று சொன்னார். அன்னமலர் அப்போது கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை மூடவில்லை, திரும்பவுமில்லை. கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

பதினொரு நாள் பேசாமல் இருந்தார்.

நாலாம் நாள் சிங்கப்பூரிலிருந்து நரசிம்மன் அழைத்தான். "அக்கா, ஹெலன் எழுதியிருக்காங்க. நான் எண்ண மாத்திட்டேன்னு நெனக்கிறாங்க போல. நீங்கதானே அளந்தீங்க? நீங்க குடுத்தத நான் அப்படியே போட்டேன். ஒண்ணுகூட மாத்தல. ஞாபகம் இருக்கில்ல?"

"ஓம் தம்பி. நீங்கள் மாத்தேல்லை."

"இதையே ஹெலன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. போதும்."

"சொல்லுறன்" என்றார் அன்னமலர். சொல்லவில்லை.

"அவர் கேட்டதுக்கு நான் பொய் சொல்லேல்லை, பாருங்கோ" என்று என்னிடம் சொன்னவர், தன் வார்த்தை தனக்கே பிடிக்காததுபோல் தலையை ஆட்டினார். "ரயிலில போகேக்க வரேக்க அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தனான். நான் பொய் சொல்லேல்லை, பொய் சொல்லேல்லை எண்டு."

வின்சன்டிடம் ஏழாம் நாள் சொன்னார். வின்சன்ட் கொஞ்ச நேரம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அளவு பிழைச்சுப்போச்சு எண்டு விடு. அவன் சிங்கப்பூரில நல்லா இருக்கிறான். உனக்கு இந்த வயசில வேற ஆர் வேலை தாறது?" என்றாராம். பிறகு எழுந்து போய், காரிலிருந்த பிரதிகளை எடுத்து மறுசுழற்சித் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார்.

பதினோராம் நாள் ஹெலன் அவரிடமே வந்தார். அந்த வேகத்தில் மூன்று துண்டுகளை மறுபடி ஓடவிட்டுப் பார்ப்போம், நீங்களே அளந்து தாருங்கள், உங்கள் அளவைத்தான் நான் நம்புவேன் என்றார். இரண்டு பேருமாகக் கறுத்த சன்னல் முன்னால் நின்றார்கள். பதினைந்து தடவை வரை துண்டு பழைய கோட்டிலேயே ஏறியது. இருபதில் தயங்கியது. இருபத்தைந்தில் நின்றுவிட்டது. முப்பதாவது தடவை கதிர் ஓடி முடிந்தபோது, கோட்டின் நடுவில் கண்ணறைகள் உருகி இறங்கி, சின்னதாக ஓர் ஓட்டை தெரிந்தது.

அந்த மெதுவான வேகத்தில் நுரை இப்படித் தோற்றுப்போகும் என்பதுதான் அந்த ஆய்விலேயே தெரிந்துகொள்ள வேண்டியதாக இருந்த பெரிய விஷயம். அன்னமலர் அந்த வெள்ளிக்கிழமை இன்னும் மூன்று மணி நேரம் நின்றிருந்தால் கண்டிருப்பார். அவருடைய எண்கள் அதன் மேல் மண்ணைப் போட்டு மூடிவிட்டன.

"ஐ டிட் நாட் மெஷர்" என்றார் அன்னமலர், சன்னலைப் பார்த்தபடியே.

ஹெலனுக்கு விளங்கவில்லை. அன்னமலர் எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். ஹெலன் ஏன் என்று கேட்டார்.

"ஃபோர் எ சாரி."

"நீங்கள் வருந்துகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் ஏன் செய்தீர்கள்?"

"சாரி. சாரி" என்றார் அன்னமலர் மறுபடி. ஹெலன் அதையும் மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டு, பரவாயில்லை, காரணத்தைச் சொல்லுங்கள் என்றார். வேறு வழியில்லாமல், ஆய்வுகூட மேலங்கியின் தோளில் இல்லாத ஒரு முந்தானையை இழுத்துவிட்டு, இடுப்பில் இல்லாத கொசுவத்தைச் செருகிக் காட்டினார். "அவ சிரிச்சிருந்தால் நல்லா இருந்திருக்கும் அண்ணை. சிரிக்கேல்லை."

அன்று பின்னேரமே அன்னமலர் நரசிம்மனை அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, "எந்தெந்த எண் அக்கா?" என்று கேட்டான். இருபத்தொன்றையும் மனப்பாடமாகச் சொன்னார். அவன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "இருபத்தஞ்சாவது தடவைல லேசா எறங்கியிருக்கே, அது?"

"அதுவும் நான்தான் தம்பி."

"அதப் பாத்துத்தான் இது நிஜம்னு நம்பினேன். ஏன் எறங்குதுன்னு ஆய்வேட்டுல ஒரு விளக்கம் எழுதியிருக்கேன். அரைப் பக்கம்." பிறகு, "ஒரு வாரமா லீவு போட்டு என் பழைய நோட்டெல்லாம் தேடிக்கிட்டிருக்கேன். எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு. அன்னைக்கு ஃபோன்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான். அக்கா என்ற சொல் அதில் இல்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஹெலன் அந்த இதழுக்குத் திருத்தம் எழுதினார். ஓர் அட்டவணையில் இருபத்தொரு மதிப்புகள் 'அளவீட்டுப் பிழை' காரணமாகத் திரும்பப் பெறப்படுகின்றன என்று இருந்தது. அனுப்புவதற்கு முன் அன்னமலரிடம் காட்டினார். அன்னமலர் வாசித்துவிட்டு, பிழை என்ற சொல் சரியில்லை என்றார்.

"பிழை எண்டால் அளந்து பிழைச்சது. நான் அளக்கேல்லைத்தானே. வாசிக்கிற ஆக்கள் தம்பிதான் கருவியைப் பிழையா வச்சவர் எண்டு நினைப்பினம்."

அப்படி எழுதினால் கேள்வி வரும் என்றார் ஹெலன். வரட்டும் என்றார் அன்னமலர். திருத்தம் ஜூலையில் வந்தது. 'இம்மதிப்புகள் அளவிடப்படாமல் பதிவு செய்யப்பட்டவை; ஆய்வாளருக்கு இது தெரியாது' என்று இருக்கிறது. அன்னமலரை ஆறு மாதம் அளவு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நுரையைத் துண்டு போடுவது, பெட்டியைத் துடைப்பது, மருந்துக்கடைத் தராசு மாதிரியான சின்னத் தராசில் தூளை நிறுத்து வைப்பது என்று இருந்தார். அக்டோபரில், ஆறு மாதம் முடிந்ததும், ஹெலன் கோணமானியைத் திரும்பவும் அவர் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் தேவாலயப் பங்கில் இதைப் பற்றி யாருக்கும் தெரியாது. என்னிடமும் அவராகத்தான் வந்து சொன்னார். "அந்த நாலு வரி போட்டனீங்கள் அல்லோ, அதுக்கு மேல ஒண்டு போட வேணும்" என்றார். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "அப்ப போட்டது என்ர பேர்தானே?" என்றார். வின்சன்ட் என்னோடு இப்போது பூசையில் சரியாகப் பேசுவதில்லை.

சென்ற வியாழக்கிழமை நான் ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தது, அவர் வேலை செய்வதைப் பார்த்து எழுத. மெதுவான வேகத்தில் நுரை எப்படி உருகி இறங்குகிறது என்பதையே புதுக் கட்டுரையாக எழுதுகிறார்கள். நரசிம்மனும் அவர்களில் ஒருவன். இரண்டு மணிக்கு ஹெலன், அந்தச் சீன மாணவி, அன்னமலர் மூவரும் தேநீர் அறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூலையில் இருக்கச் சொல்லி எனக்கும் ஒரு கதிரை தந்தார்கள். நடுவில் ஒலிபெருக்கி வைத்த தொலைபேசி. ஹெலன் சிங்கப்பூர் எண்ணை அழுத்தினார்.

"ஹலோ, நரசிம்மன் ஹியர்" என்ற குரல் வந்தது.

அன்னமலர் எழுந்து நின்றார்.

மாணவி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தானும் எழ வேண்டுமோ என்று ஹெலனைப் பார்த்தாள். ஹெலன் கண்டுகொள்ளாததுபோல் புதிய எண்களை வாசித்தார். அந்தப் பக்கம் அவன் ஒவ்வொன்றுக்கும் ஓக்கே சொல்லிக்கொண்டே வந்தான். பாதியில் நிறுத்தி, ஆங்கிலத்தில், இவற்றை அளந்தது யார் என்று கேட்டான். அன்னமலர் என்றார் ஹெலன். பிறகு அவன், அடுத்த துண்டுக்குப் போகலாம் என்றான்.

நாற்பது நிமிடம் பேசினார்கள். அவன் வைத்துவிட்டான். ஹெலன் தாள்களை அடுக்கிக்கொண்டு போனார், மாணவி போனாள். கைகளை முன்னால் கோத்தபடி, சத்தம் நின்றுபோன தொலைபேசிக்கு முன்னால் அன்னமலர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.